பைகளை விட்டுவிட்டு இறங்குங்கள்

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது. ஷெல் சத்தம் கிட்ட வந்தால் அப்பா கதவைப் பூட்டுவார், அம்மா தம்பியைத் தூக்குவா, நான் பையைத் தூக்குவேன். அடையாள அட்டைகள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் தோடு எல்லாம் அதற்குள் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது தொங்கும். திருகோணமலையில் அப்படி ஒரு பை இல்லாத வீடு அநேகமாக இருக்கவில்லை. பை இல்லாமல் ஓடினவருக்கு அடுத்த சோதனைச்சாவடியில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

அப்படி வளர்ந்த என்னைத்தான் ஒரு சின்ன விமானக் கம்பனி, ஆபத்து வந்தால் பயணிகளைப் பைகளை விட்டுவிட்டு இறங்கச் செய்யும் வேலைக்கு எடுத்தது. அதற்கு நான் நல்ல வாய்க்காரி என்பதும், தமிழும் சிங்களமும் சரளமாகக் கதைப்பேன் என்பதும்தான் காரணம். விமானம் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து கொழும்புக்குப் பறந்தது. நாற்பது பயணிகள், இரண்டு விமானிகள், நான். பெரிய விமானி வெளிநாட்டுக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் ‘சரி’. எதற்கும் அதைத்தான் சொல்வார்.

பயிற்சியில் எனக்கு முதலாவது இடம். பயிற்சி தந்த ஐயா கண்டிப்பானவர். புகை வந்தால் ஒரு பை ஓர் ஆளின் உயிரை எடுக்கும் என்று மேசையில் தட்டிச் சொல்வார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த அதட்டலைப் புகுந்த வீட்டிலும் காட்டாதே என்றா.

எங்கள் பயணிகளில் பாதிப் பேர் முதன்முறை பறப்பவர்கள். சீனன்குடா வெயிலில் கதவைச் சாத்திக் குளிர்காற்றைத் திறந்தால் மேலே உள்ள துவாரங்களால் வெள்ளை வெள்ளையாக ஆவி வரும். உடனே ஒருவர் எழும்பி முருகா என்பார், மற்றவர் யன்னலைத் திறக்கப் பார்ப்பார். அது புகை இல்லை, குளிர்காற்று, பயப்படாதேங்கோ என்று நாளுக்கு இரண்டு தரம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துப்போனது.

நான் சொல்லவந்த நாளில், ஐந்தாம் வரிசையில் கிளிவெட்டி ஊர் அக்கா ஒருவர் இருந்தா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்திருப்பா. ஏறும்போதே என் கையைப் பிடித்துத் தன் கதையைச் சொல்லிவிட்டா. கலியாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் புருஷன் கனடாவுக்குப் போனவர். ஆறு வருஷமாகிறது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் விசா நேர்முகம். இது உண்மையான கலியாணம்தான் என்று காட்ட அவர் எழுதின கடிதங்கள் முழுவதையும் கொண்டு போகிறா. மடியில் மண்ணிறப் பை ஒன்று. இழுத்து மூடுகிற சிப் பழுதாகிப்போனதால் சட்டையூசிகள் குத்தி மூடியிருந்தது.

நான் பையை இருக்கைக்குக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தா. ஆனால் ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டிருந்தா.

“பாஸ்போட் துலைஞ்சா இன்னொண்டு எடுக்கலாம், தங்கச்சி. இந்தக் கடிதங்களை ஆர் எனக்குத் திருப்பி எழுதித் தாறது?” என்றா.

விமானம் எழும்பிப் பத்து நிமிஷம் இருக்கும். பின்பக்கத்தில் அலுமாரி அளவில் எனக்கொரு குசினி இருந்தது. அங்கே தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு முன்வரிசையில் இனிப்பு ரொபி கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஒரு பெண் புகை என்றா. கடைசி வரிசையில் குச்சவெளிக்காரர் ஒருவர், வியாபார விஷயமாக அடிக்கடி பறப்பவர், அனுபவஸ்தர். அவர் கையை உயர்த்தி எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். அது புகை இல்லையாம், குளிர்காற்றாம், பயப்பட வேண்டாமாம். சொல்லுக்குச் சொல் என்னுடைய பேச்சு. நானும் நல்ல மனுஷன், என் வேலையைக் குறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ரொபியை நீட்டினேன். அதற்குள் றப்பர் எரிகிற மணம் மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் குச்சவெளிக்காரரின் தலை கறுப்புப் புகைக்குள் பாதி மறைந்திருந்தது. அப்போதும் அவர் விளக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

உள்தொலைபேசியை எடுத்து விமானியிடம் பின்னால் புகை என்றேன். “சரி” என்றார். விமானம் உடனே சரிந்து திரும்பியது. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்தது பயணிகள். புகை மேலே நிற்கும், நல்ல காற்று கீழே இருக்கும். ஆகவே தலையைத் தாழ்த்தச் சொல்ல வேண்டும். பாடமாக்கின குரலில், “எல்லாரும் தலையைக் கீழே வையுங்கள்” என்றேன்.

அந்த அறிவித்தலை எழுதியவர் எங்கள் சனத்தை அறியாதவர். ஒரு நொடியில் நாற்பது பெல்ட்டும் கழன்றன. கிழவர், குமர், கைப்பிள்ளைக்காரி என்று பாராமல் நடைபாதை நீளத்துக்குக் குப்புறப் படுத்துவிட்டார்கள். முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயை லேசாகத் திறந்து, ஷெல்லுக்குப் படுக்கிற அச்சொட்டான படுக்கை. இடம் கிடைக்காதவர்கள் மற்றவர்களுக்கு மேலே படுத்தார்கள். தீயணைப்பான் என் கையில், நெருப்பு அந்த முனையில், நடுவில் நாற்பது முதுகு.

கம்பனித் தமிழில் தயவுசெய்து எழுந்திருங்கள் என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். ஒரு முதுகும் அசையவில்லை. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. சந்தையில் கதைக்கிற குரலை எடுத்தேன்.

“ஷெல் ஒண்டும் வரேல்லை. எழும்பிக் கதிரையிலை இருந்து குனியுங்கோ. நான் போக வழி விடாட்டி எல்லாரும் கருவாடுதான்.”

கருவாடு என்றதும் எழும்பினார்கள். ஓடிப்போய்க் குசினியின் மின்சாரத்தை நிறுத்தினேன். கேத்திலுக்குப் பின்னால் இருந்த வயர்தான் உருகி எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, தீயணைப்பானை முழுதாக அடித்தேன். நெருப்பு அணைந்தது. புகை அடங்கவில்லை. கடைசி மூன்று வரிசைக்காரரையும் முன்னால் கொண்டுவந்து மற்றவர்களின் மடியில் இருத்தி, ஈரத்துவாய்களைக் கொடுத்து மூக்கைப் பொத்தச் சொன்னேன். குச்சவெளிக்காரர் முகம் தெரியாத ஒரு வாத்தியாரின் மடியில் இருந்துகொண்டு, இது குளிர்காற்றுத்தான், கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். அந்தப் புகைக்குள்ளும் நாலு பேர் சிரித்தார்கள்.

சீனன்குடாவில் சக்கரம் முட்டியதும் புகை திரும்பவும் தடித்தது. சுவர்த் தகட்டுக்குப் பின்னால் இன்னும் ஏதோ கனன்றுகொண்டிருந்திருக்க வேண்டும். விமானம் நின்றது. கதவைத் திறந்து, படியை இறக்கி, பைகளை விட்டுவிட்டு இறங்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாசலில் ஒவ்வொருவருடைய பையாகப் பறித்துப் பின்னால் வீசினேன். அரிசிப் பொரி, உடுப்பு, ஒடியல், யாருடையது எது என்று பார்க்க நேரமில்லை.

கிளிவெட்டி அக்கா பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தா. விடச் சொன்னேன். விடவில்லை. அவவுக்குப் பின்னால் கைப்பிள்ளைக்காரி இருமுகிறா. நான் பையை இழுத்தேன், அவ இழுத்தா, கடைசியில் அவவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கிவிட்டு முதுகில் கை வைத்துப் படியில் தள்ளினேன். அந்த விரல்களின் பிடி இப்போதும் என் கையில் இருக்கிறது.

எல்லாரும் போனபின் உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கினேன். ஓடுபாதைக்கு அப்பால் புல்லில் தலைகளை எண்ணினேன். நாற்பது. கைப்பிள்ளை தனிக் கணக்கு. தீயணைப்பு வண்டிக்காரர் கதவால் நுரையையும் தண்ணீரையும் உள்ளே அடிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அக்காவின் பை நினைவுக்கு வந்தது. எரியாத கடிதங்களும் கரைந்து போயிருக்கும்.

அக்கா புல்லில் சம்மணமிட்டு இருந்தா. அழவில்லை. நான் கிட்டப் போனதும், “நீங்கள் என்ன செய்வியள் தங்கச்சி, உங்கட வேலை அது” என்று மட்டும் சொன்னா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறு வருஷத்தை என் கையால் எடுத்து நெருப்பில் போட்டேனே என்றுதான் எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க அவவுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து குனிந்தேன். என் தோளிலிருந்து ஏதோ வழுகி அவவின் மடியில் பொத்தென்று விழுந்தது.

மண்ணிறப் பை. குத்தின ஊசிகளோடு.

நான் அதைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. மற்றப் பைகளையெல்லாம் ஒழுங்காக வீசிய அதே கை, இதைப் பறித்ததும் என் தோளில் கொழுவிவிட்டிருக்கிறது. எப்போது கொழுவினது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தலைகளை எண்ணியபோதும் அது என் தோளில்தான் தொங்கியிருக்கிறது. பையைப் பறிகொடுத்த சனமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். குச்சவெளிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார், ஊருக்குத்தான் உபதேசம் என்று.

அக்கா ஊசிகளைக் கழற்றிக் கடிதங்களை ஒருதரம் எண்ணினா, பிறகு இன்னொருதரம். எல்லாம் இருந்தன. பையை மூடிவிட்டு என் தலையைத் தடவினா.

“உங்கட வீட்டிலை பை தூக்கிறது நீங்களோ?”

“ஓம் அக்கா” என்றேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

பின்னேரம் வேறொரு விமானம் வந்து அவர்களைக் கொண்டுபோனது. எனக்குக் கம்பனி எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தது, விதியை மீறிப் பயணப்பை ஒன்றுடன் இறங்கியதற்காக. விளக்கம் கேட்டார்கள். கை பழகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன், வேறென்ன எழுதுவது. எட்டு மாதம் கழித்து, ‘பை தூக்கின தங்கச்சிக்கு’ என்று விமானத்தள முகவரிக்குக் கனடாவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இரண்டு கடிதங்களும் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன, அடையாள அட்டை, காணி உறுதிகளோடு ஒரே பையில். பை கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.