அம்மா பெற்ற மூன்று பேர்

“...ஒங்கம்மாவுக்கு வந்துச்சு, ஒங்கக்காவுக்கு வந்துச்சு. இதெல்லாம் தெரியாமயா ஒன் மகளைக் கேட்டோம்?” என்றார் மதினி. போன மாசி மாதம், இலுப்பூர் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது இது.

மதினி என் அண்ணன் மனைவி. அவர் மகனுக்கும் என் மகளுக்கும் முறை. தை பிறந்ததிலிருந்தே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தாம்பூலம் மாற்றுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்தா இப்படி வர வேண்டும்?

எங்கள் அம்மா மார்புப் புற்றுநோயில் போனவர். அக்காவுக்கும் அதே நோய் வந்து, திருச்சியில் வைத்தியம் பார்த்துத் தேறியிருந்தார். அந்த நேரத்தில்தான் அவர் ரத்தத்தைச் சோதித்ததில், இது பரம்பரையாக வருகிற வகை என்று தெரிந்தது. “கூடப் பிறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லை, முன்கூட்டியே கவனிச்சுக்கலாம். வந்து ரத்தம் குடுங்க” என்றார் டாக்டர்.

கொடுக்கலாமா, வேண்டாமா? எனக்கு இருக்கிறது என்று வந்துவிட்டால் என் மகளுக்கும் இருக்கலாம். அப்புறம் சம்பந்தம் நிற்குமா? என் வீட்டுக்காரர், “சும்மா கெடக்குற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?” என்றார். எதிர்வீட்டுக்காரம்மாவோ, “பூனை கண்ணை மூடிக்கிட்டா ஊரு இருண்டுருமா?” என்றார். எங்கள் பக்கம் எதற்கும் ரெண்டு பக்கமும் பழமொழி கிடைக்கும், முடிவுதான் கிடைக்காது.

அக்காதான் பொறுக்க மாட்டாமல் மதினிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த பஸ்ஸிலேயே விராலிமலையிலிருந்து வந்து இறங்கினார் மதினி. சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்படிக்கே வந்து, முதலில் சொன்னேனே, அதைக் கேட்டுவிட்டு மேலும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒங்கம்மா பெத்தது மூணு பேரு. பொம்பளைக ரெண்டு பேரும் ரத்தம், டாக்டருன்னு அலையிறீங்க. ஒங்கண்ணனை மட்டும் என்ன சந்தையிலயா வாங்குனாங்க?”

அப்போதுதான் உறைத்தது. டாக்டர் ‘கூடப் பிறந்தவங்க’ என்றுதான் சொன்னார். பொம்பளை நோய்தானே என்று அண்ணனை நாங்கள் சேர்க்கவே இல்லை. அவருக்கு இருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் போகலாம். என் மகளோடு அந்த வீட்டுக்குப் போய்விடுமோ என்று நான் பயந்தது, ஏற்கெனவே அங்கே இருக்கலாம்! முறை பார்த்து முறை பார்த்துக் கட்டுகிற எங்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

“அப்ப கல்யாணம்?” என்றேன் மெதுவாக.

“மொதல்ல நீயும் ஒங்கண்ணனும் ரத்தம் குடுங்க. பெறகு பிள்ளைக டாக்டர்கிட்ட கேட்டு அதுகளே முடிவு பண்ணட்டும். ஒளிச்சு வச்சுக் கட்டிட்டு, நாளைக்கு நீயும் நானும் எப்புடி மூஞ்சியில முழிக்கிறது?”

அப்புறம் என்ன முடிவு வந்தது என்பது எங்கள் குடும்பத்தோடு இருக்கட்டும். பயந்து கிடப்பவரிடம் ‘இதுல எனக்கும் பங்கு இருக்கு’ என்று ஒருவர் வந்து நின்றால், பாதி பயம் அங்கேயே இறங்கிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் இறங்கியது.

ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அண்ணனை மறுநாள் கடையைப் பூட்ட வைத்துத் திருச்சிக்குக் கூட்டி வந்த மதினி, அவருடைய சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு, “மொதல்ல இவருக்கு எடுங்க” என்றார் நர்ஸிடம்.