புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

போன சரஸ்வதி பூஜையன்று என் மகள் தன் லாப்டாப்புக்குக் குங்குமம் வைக்க விடவில்லை. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். "அப்பா, கேமரா மேல வெச்சிடுவீங்க, ப்ளீஸ்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குங்குமக் கிண்ணத்தோடு சமையலறைக்குப் போனேன். என் மனைவி பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்தது சாமி இல்லை, துப்பாக்கி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது நான் புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மாடியில் ஓர் அறை. கீழ்வீட்டில் சுபேதார் முனிரத்தினம். காட்பாடிக்காரர். ராணுவத்தில் இருந்து வந்தபின் ஓர் அரசு அலுவலகத்தில் காவல் பொறுப்பில் இருந்தார். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. பேப்பர்காரன் பத்து நிமிஷம் தாமதித்தால் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அவர் மனைவி சரோஜா அக்கா அது எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு பழைய வேட்டை ரைஃபிள் இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு கர்னல் பிரியமாகக் கொடுத்தது, லைசென்ஸும் முறைப்படி இவர் பேரில். வந்த வருஷமே அக்கா அதன் கருநீலக் குழாயைப் பார்த்துவிட்டு, எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று மூக்கைச் சுளித்தாராம். ஆயுத பூஜைக்கு முன்னால் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "இன்னும் அழுத்தித் தேய்மா, பரேடு பட்டன் மாதிரி மின்னணும்!" என்று சுபேதார் பக்கத்தில் நின்று உத்தரவு போடுவார். வருஷா வருஷம் இது நடந்தது. நான் பார்த்தபோது குழாய் பால் செம்பு போல மின்னியது. நடுவில் சந்தனப் பொட்டு வேறு.

சுபேதாருக்கு வேலை முடியும் நாள் நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காட்பாடியில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார்கள். கையில் பாதிப் பணம்தான் இருந்தது. "மீதிக்கு அதோ கீது!" என்று துப்பாக்கி வைத்திருந்த அலமாரியைக் காட்டுவார். சொந்த வீடு கட்டுவார்களா, வாடகை வீட்டுக்குப் போவார்களா என்பது அந்தத் துப்பாக்கியின் வயதில் இருந்தது.

வயதைக் கண்டுபிடிக்கும் நிபுணர் வேறு யார், அடியேன்தான். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தேன். மகாராணி காலத்துச் சரக்கு என்றால் கிரீட முத்திரை இருக்கும், வருஷமும் பொறித்திருக்கும் என்று போட்டிருந்தது. டார்ச் அடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை. "முத்திரையே இல்லேன்னா, இது ராணிக்கும் முந்தினதுண்ணே" என்றேன். அக்கா சந்தோஷத்தில் காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

கஷ்மீரி கேட் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு மூவரும் புறப்பட்டோம். அன்று காலையிலும் அக்கா ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தார். போர்வையில் சுற்றியிருந்ததைப் பார்த்து, "க்யா ஹை, பையா?" என்று விசாரித்தார் ஆட்டோக்காரர். கட்டில் கால் என்று சொல்ல நான் இந்தி தேடுவதற்குள் சுபேதார் "ரைஃபிள்!" என்று முழங்கினார். மீட்டருக்கு மேல் ஒரு பைசா கேட்காமல் கொண்டுபோய் விட்ட டில்லி ஆட்டோ என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த சர்தார்ஜி. குழாயின் பின்பக்கம் வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து, முன்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் முறுக்கு வரிகள் தேயவில்லை போலிருக்கிறது. "அச்சா" என்றார். கட்டையில் விரிசல் இல்லை. இன்னொரு "அச்சா". நான் மனதுக்குள் மனையில் கிணறு வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பிறகு குழாய்மேல் நகத்தை ஓட்டினார். திருப்பிப் போட்டு மறுபடியும் ஓட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கிஸ்னே மாஞ்சா?" என்று கேட்டார். யார் தேய்த்தது?

அந்தக் கருநீலம் செய்தவர்கள் ஏற்றிய பூச்சு. அதுவும் முத்திரையும் வருஷமும் தேய்ந்து போகாமல் இருந்திருந்தால் கேட்ட விலைக்கு வாங்க ஆள் உண்டு. இப்போது இதன் வயதை யாராலும் நிரூபிக்க முடியாது, வெறும் இரும்பு விலைதான். இந்தியில் பொறுமையாக இத்தனையும் சொன்னார்.

"இன்னா சொல்றாருப்பா?" என்று அக்கா என்னைக் கேட்டார். அவருக்குக் காய்கறிக் கடை இந்திதான் தெரியும். சுபேதார் போடப்போகும் சத்தத்தில் கண்ணாடி அலமாரி உடையும் என்று தயாராக நின்றேன்.

"ஒண்ணுமில்ல சரோஜா" என்றார் அவர். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "சாதாரணத் துப்பாக்கிதானாம். எப்பவுமே இதுக்குப் பெரிய விலை கெடையாதாம். நீ தேச்சு வெச்சதாலதான் துருப்பிடிக்காம கீதுன்னு சொல்றாரு."

தமிழ் தெரியாத சர்தார்ஜி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மனை கைவிட்டுப் போனது. காட்பாடியில் வாடகை வீட்டுக்குத்தான் போனார்கள். அந்தக் குவார்ட்டர்ஸையும் இடித்தாயிற்று, இப்போது போனால் என் அறை எங்கே இருந்தது என்றே சொல்ல முடியாது. சுபேதாரும் இரண்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போனேன்.

காபியைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "அந்த சர்தாரு 'மாஞ்சா'ன்னாரே, நெனவு கீதா? டில்லில இருவது வருசம் பாத்திரம் தேய்க்கிறவளோட மல்லு கட்டினவப்பா நான். அந்த வார்த்த எனக்குத் தெரியாதா?"

"அண்ணன்கிட்ட சொல்லவே இல்லியாக்கா?"

"எப்படிச் சொல்றது? எனக்காக அவரு மெதுவாப் பேசினது அந்த ஒரு தபாதான்." உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இப்போ கொழம்புல உப்பு போட மறந்தாக்கூட கத்த ஆளில்லப்பா."