இரண்டு பேருக்குப் பதிந்த மேசை

அண்ணை, அண்ணியின் பயணத்தைக் கெடுத்தது நீங்கள்தான். வேறு யாருமில்லை.

அண்ணிக்கு இந்த மாதம் ஐம்பது வயது. கேக் வேண்டாம், ஹோல் எடுத்துக் கொண்டாட்டம் வேண்டாம், நயாகராப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிற வைன் தோட்டம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று என்னிடம் சொன்னார். வேலையிடத்துப் பெண்கள் போய்வந்து படம் காட்டினார்களாம். "நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம். எனக்கு ஆரும் ஒருக்கா ஊத்தித் தரட்டும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் இதில் இறங்கினேன்.

மூன்று கிழமை போனில் திட்டம் போட்டோம். குடித்துவிட்டுக் கார் ஓட முடியாது என்பதால் ஸ்காபரோவிலிருந்து யூனியன் ஸ்டேஷன், அங்கிருந்து ரெயின், பிறகு பஸ். சனிக்கிழமை இரண்டு மணிக்கு, ஏரி தெரிகிற பக்கமாக, இரண்டு பேருக்கு மேசை பதிந்தேன்.

என்னிலும் பிழை இருக்கிறது. அந்தப் பஸ் தோட்டத்து வாசல்வரை போகுமா என்று குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். நாற்பது பேர் இருக்கிற குரூப். எங்கள் ஆட்களிடம் ஒரு பயணத்தைச் சொன்னால் அது எல்லோருடைய பயணமும் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா?

பத்து நிமிடத்தில் நீங்கள் எழுதினீர்கள்: "பஸ் என்னத்துக்கு? ரெண்டு வான் பிடிப்பம். எல்லாரும் போவம்." மச்சாள் ரோல்ஸ் கொண்டு வருகிறேன் என்றாள். சித்தப்பா நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிடலாம் என்றார். மாலைக்குள் வரும் வழியில் ஒரு கோயிலும் சேர்ந்தது. அடுத்த நாள் திட்டத்தில் வைன் தோட்டமே இல்லை. "வைன் குடிக்கிற இடத்தில பொம்பிளையளுக்கு என்ன வேலை? பார்க்கில இருந்து சாப்பிட்டிட்டு வருவம்" என்று நீங்கள் போட்டதற்குப் பதினொரு பேர் பெருவிரல் காட்டினார்கள்.

அண்ணி குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் போன் எடுத்தார். "விடும், மேசையைக் கான்சல் பண்ணும். உவர், உம்மட அண்ணை, கராஜுக்க இருக்கிற ஆக்களுக்கு இறைச்சி பிரட்டித் தரட்டாம். நான் பிறகு கதைக்கிறன்." பின்னால் உங்கள் சிநேகிதர்களின் சிரிப்புக் கேட்டது.

எத்தனை வருடமாக அந்தக் கராஜின் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் குடிக்கிறீர்கள்? தட்டு நிரப்புவது அண்ணி. ஐஸ் கொண்டுவருவது அண்ணி. அதில் உங்களுக்கு மானம் போகவில்லை. அவர் பட்டப்பகலில் கதிரையில் இருந்து இரண்டு வாய் வைன் குடித்தால் மட்டும் போய்விடுமா?

நான் மேசையைக் கான்சல் பண்ணவில்லை; அதைக் குரூப்பிலும் எழுதினேன். அதைப் பார்த்து நேற்று எனக்குத் தனியாகப் போன் எடுத்து, "குரூப்பில சண்டை பிடிக்காதை, சனம் பாக்குது" என்றீர்கள். பார்க்கட்டும். எனக்கு இனிப் போன் எடுக்க வேண்டாம். உங்களுக்குச் சரியானது அண்ணிக்கு ஏன் பிழை? சனிக்கிழமைக்கு முதல், அந்த நாற்பது பேரும் வாசிக்கிற குரூப்பிலேயே பதில் எழுதுங்கள்.