சோய்மெய் அக்கா குரல் கொடுத்த படம்

லாய் சோய்மெய் அக்காவை ஹாங்காங்கின் அபர்தீன் துறைமுகத்தில் தெரியாதவர்கள் இல்லை. கரையிலிருந்து பெரிய படகுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் சம்பான் படகை முப்பத்தைந்து வருஷம் ஓட்டினாள். படகில் பிறந்த எங்களைக் கரைக்காரர்கள் மதித்ததில்லை. அதனாலோ என்னவோ எங்களுக்குக் குரல் பெரிசு. அக்காவுக்கு எல்லாரையும்விடப் பெரிசு.

1958இல் உலகம் சுற்றிப் படமெடுக்கும் மூன்று வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. மீனவர் பிள்ளைகளுக்கான பள்ளியில் பெரியவர்களுக்கு நடத்திய எழுத்து வகுப்பு முடிந்து, கையில் நோட்டோடு படகில் இருந்தாள். நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு வலையைக் கொடுத்தார்கள். பக்கத்துப் படகுக் குழந்தையை வாங்கி அவள் முதுகில் கட்டினார்கள். அரை மணி நேரம். கிளம்பும்போது ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார்கள்.

அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்து சேர முப்பத்தெட்டு வருஷம் ஆனது. அதற்குள் நாங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமூகக்கூடத்தில் காட்டினார்கள். புரொஜெக்டரை ஓட்டியவன் நான். யிப் என்ற கல்லூரி ஆசிரியர், படத்தில் வரும் ஆங்கிலப் பேச்சை மைக்கில் எங்கள் மொழியில் சொன்னார்.

"இதோ ஓர் இளம் தாய். இவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கரையில் கால் வைக்காமலே இவள் வாழ்வு முடிந்துவிடும்..."

கூடம் சிரித்தது. வலையைப் பார்த்துத்தான்.

"அடியே சோய்மெய், வலையத் தலைகீழாப் பிடிச்சிருக்கியே!"

"எங்க வீட்ல யாரு மீன் பிடிச்சா? கொடுத்தான், பிடிச்சேன்!"

"கொழந்தைக்கு அப்பன் யாருன்னு சொல்லவே இல்லையே?"

"படம் எடுத்தவனக் கேளு!"

சொல்லிவிட்டு அக்கா சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்குப் போனாள். "வாத்தியாரே, அந்த ஆளோட சத்தத்த நிறுத்திட்டு மறுபடி போடச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

மறுபடி ஓட்டினேன். அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"இது நான். அன்னிக்குத்தான் வகுப்புல 'காத்து'ன்னு எழுதக் கத்துக்கிட்டேன். பின்னாடி நிக்கறத மீனவர் கூட்டம்னு சொன்னான். கூட்டமெல்லாம் இல்ல. பல் வெளக்கறவரு ஷெக் மாமா. காறித் துப்புறவ அவரு பொண்டாட்டி. இந்த ஓரத்துல கைய ஆட்டிக்கிட்டு வர்றவரு கோக் தாய்ஃபுக். கொழந்தையோட அப்பா. கேமராக்காரன் அவரப் போ போன்னு வெரட்டறான்."

முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். கோக் சியூயிங். முதுகில் கட்டப்பட்ட குழந்தை அவள்தான். அறுபத்திரண்டில் அடித்த புயலில் அவள் அப்பாவும் படகும் போனார்கள். ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

"அது எங்கப்பாவா?"

"உங்கப்பாதாண்டி. உன்ன எங்கிட்ட விட மனசே இல்ல அவருக்கு. எடுத்து முடிக்கற வரைக்கும் அங்கயேதான் நின்னாரு."

"அண்ணே, படத்த நிறுத்துங்கண்ணே!" என்று என்னிடம் கத்தினாள்.

நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படச்சுருள் கருகிவிடும். அவர் திரையில் இருப்பது இரண்டே நொடி. பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓட்டினேன். ஏழு தடவை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அக்கா பேசியதை யிப் ஒலிப்பதிவு செய்து, படத்தை வைத்திருக்கும் வெளிநாட்டுக் காப்பகத்துக்கு அனுப்பி, பழைய குரலை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லிக் கேட்டார். பழைய குரலை அழிக்க முடியாது, இதையும் கூடவே வைக்கிறோம் என்று பதில் வந்தது. எங்களில் சிலருக்குக் கோபம். அக்காவுக்கு இல்லை.

"இருக்கட்டும்பா. அவன் சொன்னதையும் கேக்கட்டும், நான் சொன்னதையும் கேக்கட்டும். பாக்கறவனுக்கு மூளை இருக்குல்ல?"

அந்த இரண்டு நொடியிலிருந்து ஒரு படம் அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். சியூயிங் அதைத் தன் வீட்டில் முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் இடத்தில் மாட்டினாள். முகம் கொஞ்சம் கலங்கல். வாய் பாதி திறந்திருக்கிறது.

"எவ்வளவு சின்னப் பையனா இருக்காரு பாருங்கண்ணே," என்றாள். "இப்ப இவருக்கு நான் அக்கா மாதிரி."