சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவும் எங்கள் புல்லும்

உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நீங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெரியவள், "ஃபாரஸ்ட்ல வேலை" என்றாளாம். சின்னவன், "புல்லு வளக்கறாரு" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். சின்னவன் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் அட்டையில் 'மேய்ச்சல் நில மேலாண்மைப் பணியாளர்' என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, அவர்கள் பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில்தான் எந்தப் புல் எந்த மண்ணில் வரும் என்று கற்றுக்கொண்டேன். ஊர்ப்பக்கம் என்னை 'புல்லு சார்' என்பார்கள்.

போன மார்கழியில் கொஞ்ச நாள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "வேலை எடத்துல ஏதோ பேஜாரு, அப்பாவ விடுங்க" என்று அம்மா உங்களை அந்தப்பக்கம் கூட்டிப்போனாள். அந்தப் பேஜாரு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம் திண்டிவனத்தைத் தாண்டி, கூட்டேரிப்பட்டில் ஹைவேயை விட்டு இறங்கி உள்ளே போனால், வனத்துறையின் காப்புக்காட்டை ஒட்டி ஒரு ஊர். அந்த ஊருக்கு மேய்க்கால் புறம்போக்கு என்று கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஊர் ஆடுமாடு மேய்வதற்கென்றே அரசாங்கம் விட்டுவைத்த நிலம். பெயரில்தான் மேய்ச்சல். நான் முதலில் போனபோது அதில் வேலிக்காத்தான் முள்ளும் செம்மண்ணும்தான் இருந்தன. அங்கே ஒன்றும் இல்லாததால் ஆடுகள் காப்புக்காட்டுக்குள் போகும். போனால் வனக்காவலர், ஃபாரஸ்ட் கார்டு, பிடிப்பார். ஆடு வாய் வைத்தால் காட்டில் கன்று எழும்பாது, அதனால் அவர் பிடிப்பதும் நியாயம்தான். ஆனால் ஆட்டுக்கும் வயிறு இருக்கிறதே.

இதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. புறம்போக்கில் பாதியை முள்வேலி போட்டு அடைத்து, கொழுக்கட்டைப் புல் விதைப்பது. மழைக்காலம் முழுக்க அதில் ஒரு ஆடும் வாய் வைக்கக்கூடாது. தை மாதம் விதை முற்றி உதிர்ந்த பிறகு புல்லை அறுத்து, ஆடு வைத்திருக்கிற வீட்டுக்கெல்லாம் கோடைக்குப் பங்கு பிரிப்பது. சேர்த்த விதையை மறு பாதியில் போடுவது. விதை முற்றும்முன் மேய்ந்துவிட்டால் எல்லாம் போச்சு, முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊர் கூடிப் பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட அதை நம்பி இருந்தவர் காலனியிலிருந்து வரும் ஒரு அக்கா. நிலம் கிடையாது, வீட்டுக்காரர் இல்லை, இருப்பது சில வெள்ளாடுகள்தான். அதற்கு முந்தின கோடையில் தாய் ஆடுகளுக்குத் தீனி இல்லாமல் பால் வற்றி, பிறந்த குட்டிகள் எல்லாமே செத்துப்போயின. இந்த வருஷம் அவருடைய பெரிய ஆடு சினையாக இருந்தது, மாசியில் குட்டி போடும். "மாசிக்கு அந்தப் புல்லு கைக்கு வந்துட்டா போதும் சார், குட்டிங்க பொழச்சிக்கும்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அதுவரைக்கும் ஆடுகளைக் கட்டிப்போட்டு, ரோட்டோரத்தில் தழை ஒடித்துச் சுமந்துகொண்டு வந்து போட்டார்.

புல் வந்தது. கார்த்திகை மழையில் இடுப்புக்கு வளர்ந்து, நரிவால் மாதிரிக் கதிர் விட்டது. நான் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மாவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மார்கழி பிறந்ததும் கிடா உள்ளே புகுந்தது.

அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. கருப்பு நிறம், கழுத்தில் மஞ்சள் துணி. அதற்கு வீடு கிடையாது, ஊரே வீடு. வருகிற ஆடியில் சாமிக்குக் கொடுக்கும்வரை அதை யாரும் அடிக்கக்கூடாது, கட்டக்கூடாது, விரட்டவும் கூடாது. டீக்கடை வைத்திருக்கிறவர்தான் முனீஸ்வரனுக்குப் பூசாரியும். காலையில் அது கடைக்குள் தலையை விட்டு வாழைப்பழத்தை இழுக்கும்போது, "வாப்பா மொதலாளி" என்பார். என்னிடம், "அதுக்கு இன்னும் டீ மட்டுந்தான் சார் போட்டுக் குடுக்கல" என்று சிரிப்பார்.

வேலிக்கு ஒரு இடத்தில் படல் வைத்திருந்தோம், ஆள் போய்வருவதற்கு. கிடா அதைக் கொம்பால் நெம்பித் தள்ளிவிட்டு உள்ளே போய், நடுவில் நின்று தின்றுகொண்டிருந்தது. நான் "ஹோய்" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தின்றது. அந்தப்பக்கம் தழைக்கட்டோடு வந்த அக்கா, வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"தொரத்துங்கக்கா!"

"நானா? ஐயே, நல்லா சொன்னீங்க சார். நீங்க வண்டி ஏறித் திண்டிவனம் போய்டுவீங்க. நாளைக்கு அதுக்கு ஒரு காலு நொண்டுனா, காலனிக்காரி கல்லால அடிச்சான்னு சொல்லுவாங்க. நான் இங்கதான இருக்கணும்?"

ஒரே கிடா எவ்வளவு தின்றுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அது தின்றது பெரிய நஷ்டமில்லை. ஆடு இருக்கிறதே, முன்னால் ஒன்று போனால் பின்னால் மற்றது போகும். மறுநாள் அதன் பின்னால் ஊர் ஆடுகள் சில உள்ளே இருந்தன. ஆட்டுக்காரரைக் கேட்டால், "நான் எங்க சார் உட்டேன்? சாமி கெடாவுக்குத் தொணையா அதுங்களே போய்க்கினு இருக்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

பூசாரியிடம் போனேன். ஆடி வரைக்கும் வேண்டாம், தை வரைக்குமாவது கிடாவைக் கட்டிவைக்கச் சாமியிடம் உத்தரவு கேட்க முடியுமா என்றேன்.

"நான் கேட்டு இன்னா சார் ஆவப்போவுது? வேண்டிக்கினவங்க வாயால சொல்லணும். அந்த அம்மாவப் போய்ப் பாருங்க" என்று கைகாட்டினார்.

நேர்ந்துவிட்டது மல்லாட்டைக் கடலை பயிர் போடுகிற ஒரு குடும்பம். அந்த அம்மா என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் புல்லைப் பற்றி, விதையைப் பற்றி, காலனி அக்காவின் சினை ஆட்டைப் பற்றியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எம்புள்ள ஆக்சிடென்ட்ல அடிபட்டு பாண்டி ஆஸ்பத்திரில கெடந்தான் சார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. எழுந்து நடந்தான்னா கெடா உடறேன், அது மேல ஒரு கயிறு படாதுன்னு முனீஸ்வரன்கிட்ட சொல்லிட்டேன். இப்ப நான் அதக் கட்டுனா, எம்புள்ள காலக் கட்டுன மாதிரி சார்."

அப்போது உள்ளே இருந்து அந்தப் பிள்ளை வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து வைத்து வந்து, "வணக்கம் சார்" என்றான். ஆடியில் கோயிலுக்குத் தானே நடந்துபோக வேண்டும் என்று பழகிக்கொண்டிருக்கிறானாம்.

நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். உங்களில் ஒருத்தருக்கு அப்படி ஆகியிருந்தால் நானும் கயிறு போட்டிருக்க மாட்டேன்.

ஆபீசுக்குப் போன் பண்ணினேன். "அது ஊர்ப் பிரச்சினை, அங்கயே பேசி முடிங்க. விதை எடுக்கறப்ப மறக்காம போட்டோ அனுப்புங்க" என்றார் மேலதிகாரி.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டத்தானே கூடாது, கூப்பிடலாமே. திண்டிவனம் மார்க்கெட்டில் அகத்திக்கீரை வாங்கிக்கொண்டு போய் டீக்கடைப் பக்கம் போட்டேன். கிடா புல்லை விட்டுவிட்டு வந்து தின்றது. "புல்லு சாரே எங்க கெடாவுக்குத் தழ வாங்கியாறாரு" என்று அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மறுநாளும் வாங்கிப்போனேன். கொஞ்ச நாளில் என் வண்டிச் சத்தம் அதற்குப் பழகிவிட்டது. தார்ரோட்டிலேயே காத்திருந்து, வண்டிக்குப் பின்னால் ஓடி வரும். கீரை தீர்ந்ததும் என்னை விடாது. நான் படலைச் சரிசெய்யப் போனால், என்னோடேயே வந்து என் கண் முன்னாலேயே படலைத் தள்ளிவிட்டு உள்ளே போகும்.

"சார், கெடாவ நல்லா பழக்கிட்டீங்க. ஆடு மேய்க்கவே வந்துடுங்க நம்ம ஊருக்கு" என்றார் பூசாரி.

அதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. இவன் ஆடு தின்கிறது, என் ஆடு ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தராக அவிழ்த்துவிட்டார்கள். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலத்தில் விட்டார்கள். பிறகு பட்டப்பகலில் விட்டார்கள். திரும்பவும் கூட்டம் போட வேண்டும் என்று வீடு வீடாகப் போனேன். "வர்றோம் சார், வர்றோம் சார்" என்றார்கள். யாரும் வரவில்லை. கதிர் பால் பிடித்து, முற்றாமல் இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க நின்ற புல் கொஞ்ச நாளில் அடிக்கட்டையாகிவிட்டது.

கடைசிவரை ஆட்டை அவிழ்க்காதவர் காலனி அக்கா ஒருத்தர்தான். பொங்கலுக்கு முந்தின வாரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலிக்கு வந்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"சார், இப்ப உடட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

ஊரில் யாருமே என்னிடம் அப்படி உத்தரவு கேட்கவில்லை. சாய்ந்து கிடந்த படலைத் தூக்கி ஓரமாக வைத்தேன். ஆடுகள் உள்ளே போய் மண்ணை மோந்துகொண்டு சுற்றின. சினை ஆடு ஒரு புல் கட்டையைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"எங்கூட்டு ஆடும் துன்னுச்சின்னு ஆயிடுச்சி" என்று சொல்லி அக்கா சிரித்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மாசி ஆரம்பத்தில் வேறொரு ஊருக்குப் போய்விட்டு காப்புக்காட்டு ஓரமாக வந்துகொண்டிருந்தேன். உள்ளே புதருக்கு நடுவில் ஆடுகள் தெரிந்தன. வண்டியை நிறுத்தியதும் ஒரு உருவம் குனிந்து ஒளிந்துகொண்டது. நான், "யாரது?" என்றேன். அக்கா எழுந்தார்.

"நீங்களா சார்? கார்டுன்னு ஈரக்கொலையே ஆடிப்போச்சி."

பெரிய ஆடு வயிறு இறங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "கோச்சிக்காதீங்க சார். இது வயித்துல இருக்கறதுக்குப் பாலு வேணும்" என்றார்.

காட்டுக்குள் ஆடு போகாமல் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெளியே ஓட்டுங்கக்கா என்று சொல்ல வேண்டியவன் நான். வெளியே எங்கே என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு பிடி பச்சை இல்லை.

"ஜல்தியா மேச்சிக்கினு போய்டுறேன் சார். நீங்க கெளம்புங்க, வூட்ல புள்ளைங்க பாத்துக்கினு இருக்கும்" என்றார்.

நான் வண்டியை ரோட்டு வளைவுக்குத் தள்ளிக்கொண்டு போய், கார்டு வருகிற பக்கமாகப் பார்த்து நிறுத்தினேன். டயரில் காற்று இறங்கியது மாதிரிக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, அக்கா ஆடுகளை மேய்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.