தெலுங்கு பேசத் தடை

இன்று ஓசூரில் செல்போன் சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கவுன்ட்டர் பெண் டீக்காரரிடம் சரளமாகத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் கர்நாடக எல்லையோரப் பாகலூரிலிருந்து வந்த ஓர் அம்மா. வீட்டுக்குள் இருந்தாலே போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் காசைத் தின்கிறது என்று தெலுங்கில் முறையிட்டார்.

"ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

"நீக்கு தெலுகு ராதாம்மா?" உனக்குத் தெலுங்கு வராதா என்று அம்மா பரிதாபமாகக் கேட்டார்.

அவள் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள். "கஸ்டமர்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும்னு டிரெய்னிங்ல சொல்லிட்டாங்கண்ணா. சூப்பர்வைசர் பின்னாடியே நிக்கறாரு. போன் செட்டிங்ஸ்ல தமிழ்நாட்டு டவரை நாமளே செட் பண்ணிக்கலாம்னு அந்தம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்கண்ணா."

நான் மதுரைக்காரன். கம்பெனி பஸ்ஸில் பொறுக்கிய அரைகுறைத் தெலுங்கில் உளறிக்கொட்டினேன். தெலுங்கு தெரிந்த இருவருக்கு நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர்!

ஆத்திரம் தாங்காமல் சூப்பர்வைசரிடம் கேட்டேன்: "அந்தப் பொண்ணுக்கு டிரெய்னிங்ல அப்படி என்னதாங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், சார்" என்றார் பெருமையாக.

வாயைக் கட்டிப்போடுவதற்கு ஓசூரில் இதுதான் பெயர். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?