புளி போட்டுத் தேய்த்த கனடா காசு

சாங்வியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன்.

என்னிடம் 1965-ஆம் வருடத்துக் கனடா ஒரு சென்ட் காசு ஒன்று இருக்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள மணிகள் பெரிதாகவும், வருடத்தில் உள்ள 5-இன் நுனி கூராகவும் இருந்தால் அது அபூர்வ வகை. அழுக்கில் இரண்டுமே சரியாகத் தெரியவில்லை.

"தெளிவான படம் போடுங்கள்" என்றார்கள் இணையத்தில் நாணயக் குழுக்காரர்கள். நல்ல கேமரா வைத்திருக்கிறானே என்று ஆபீஸ் நண்பன் ரகுவிடம் காசைக் கொடுத்தேன்.

இன்று அதைத் திரும்ப வாங்க, சாங்வியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி உமா நீட்டினாள். காசு பளபளவென்று மின்னியது.

"வெள்ளிக்கிழமைக்கு விளக்கு தேய்ச்சேன்ல, அதோட இதையும் புளி போட்டுத் தேய்ச்சுட்டேண்ணா. பவுடர்லாம் போடல, பயப்படாதீங்க!"

பழைய செப்புக் காசுக்கு அந்தப் பழுப்பு நிறம்தான் உயிர். அது போய்விட்டால் எந்தச் சேகரிப்பாளனும் சீந்த மாட்டான்.

"ஏன்டா, நீ தடுக்க மாட்டியா?" என்று ரகுவிடம் கத்தினேன்.

"அரே, நான்தான்டா தேய்க்கச் சொன்னேன். இப்ப ஒவ்வொரு மணியும் தெரியுது பாரு! படம்கூட எடுத்து உன் குழுவுல போட்டாச்சு."

வீட்டுக்கு வந்து பார்த்தால் பதில் வந்திருக்கிறது: "சந்தேகமே இல்லை, அபூர்வ வகைதான். இதைத் தேய்த்த மடையன் யார்?"

காசோடு உமா கொடுத்தனுப்பிய புளியோதரை டப்பா மேசைமேல் அப்படியே இருக்கிறது. என் வீடு இருக்கும் கட்கிப் பக்கம் யார் இருந்தாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இன்றைக்குப் புளி எனக்கு இறங்காது.